கை நடுங்குவதற்கு முன்பே: பார்க்கின்சன் நோயில் குடலும் மூளையும்

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோயைப் பற்றி எழுதியபோது அவர் கையில் இருந்தது ஆறே ஆறு பேரின் கதைதான். அதிலும் இரண்டு பேரைத் தெருவில் பார்த்து விசாரித்ததோடு சரி. இன்னொருவரைத் தூரத்திலிருந்து பார்த்தது மட்டும்தான். அப்படியிருந்தும் நடுக்கம், முன்னால் குனிந்த நடை, வாயோரம் வடியும் எச்சில், விழுங்கச் சிரமம் எல்லாவற்றையும் குறித்துவைத்தார். குடல் மந்தமாகிவிடுகிறது, நோய் முற்றும்போது வீரியமான பேதி மருந்து இல்லாமல் மலம் இறங்குவதில்லை, சில நேரம் வெளியிலிருந்து உதவி செய்துதான் அதை எடுக்க வேண்டியிருக்கிறது என்றும் எழுதினார். இன்னும் ஒரு படி மேலே போய், வயிறும் குடலும் சீர்கெடுவதால் தண்டுவடத்தின் மேற்பகுதியில் கோளாறு உண்டாகலாம், ஆனால் எந்த வழியாக அது நடக்கிறது என்று தன்னால் காட்ட முடியவில்லை என்றும் சொல்லிவைத்தார்.

அந்தக் கடைசி யோசனையை நெடுங்காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு நியாயமான காரணம் உண்டு. மூளையில் கிடைத்த விடை அவ்வளவு தெளிவாக இருந்தது. நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்றொரு சிறு பகுதி. வெட்டிப் பார்த்தால் கறுத்த கோடாகத் தெரியும். இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் அந்தக் கறுப்பு வெளிறிக் கிடப்பதை 1919-இல் கான்ஸ்டான்டின் டிரெட்டியாகோஃப் காட்டினார். அங்குள்ள சில லட்சம் நரம்பணுக்கள்தான் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதிக்கு அனுப்புகின்றன. 1960-இல் வியன்னாவில் ஏரிங்கரும் ஹோர்னிகீவிச்சும் அந்தப் பகுதியில் டோபமைன் வற்றிப்போயிருப்பதை அளந்து சொன்னார்கள். டோபமைனாக மாறக்கூடிய லெவோடோபா என்ற மருந்து வந்தது. படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இவ்வளவு நடந்த பிறகு மலச்சிக்கலைப் பற்றி யார் கேட்பார்கள்?

கேட்க வைத்தது ஹொனலுலுவில் நடந்த ஒரு நீண்ட ஆய்வு. 51 முதல் 75 வயது வரை உள்ள, அப்போது பார்க்கின்சன் இல்லாத 6,790 ஆண்களிடம் ஒரு நாளில் எத்தனை முறை மலம் கழிக்கிறீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்துகொண்டு, அவர்களை 24 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2001-இல் வெளியானது. தினமும் ஒரு முறை போகிறவர்களோடு ஒப்பிட்டால், அதற்கும் குறைவாகப் போனவர்களுக்குப் பிற்காலத்தில் பார்க்கின்சன் வந்தது 2.7 மடங்கு அதிகம். பிறகு வேறு பல ஆய்வுகளும் இதையே சொல்லின. 2023-இல் வெளியான ஒரு பெரிய மருத்துவப் பதிவு ஆய்வில் மலச்சிக்கல் மட்டுமில்லை, விழுங்குவதில் சிரமமும் இரைப்பை மெதுவாகக் காலியாகும் கோளாறும்கூட இந்நோய்க்கு முன்னோடியாக வந்து நிற்பது தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்று இரவே பயந்துபோக வேண்டாம். மலச்சிக்கல் எங்கும் எப்போதும் இருக்கிற தொல்லை. 60 வயதைத் தாண்டியவர்களில் பார்க்கின்சன் இருப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். ஆக மலச்சிக்கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு இந்நோய் வரப்போவதே இல்லை. மோப்பம் மங்குவது, தூக்கத்தில் கனவுக்கு ஏற்பக் கைகால்களை உதறிக் கத்துவது போன்ற வேறு அறிகுறிகளும் கூட நிற்கும்போதுதான் மருத்துவர் காதைத் தீட்டிக்கொள்கிறார். அதிலும் அந்தத் தூக்கக் கோளாறு கனமான அறிகுறி. பரிசோதனையில் அது உறுதியானவர்களில் பெரும்பாலோருக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் பார்க்கின்சனோ அதன் உறவு நோய்களில் ஒன்றோ வந்துவிடுகிறது.

சரி, மலக்குடலுக்கும் நடுமூளைக்கும் என்ன சம்பந்தம்?

ஃபிரிட்ஸ் லூயி என்ற ஜெர்மானிய மருத்துவர் 1912-இல் நுண்ணோக்கியில் ஒன்றைப் பார்த்தார். பார்க்கின்சன் நோயாளிகளின் நரம்பணுக்களுக்குள்ளே உருண்டை உருண்டையாக ஏதோ படிந்திருந்தது. இன்று அதை லூயி உருண்டை என்கிறோம். பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் சங்கதி, அவர் முதலில் அதைப் பார்த்த இடம். சப்ஸ்டான்ஷியா நைக்ரா இல்லை. மூளைத்தண்டின் அடிப்பகுதியில் வேகஸ் நரம்பு புறப்படும் கரு, அதாவது நரம்பணுக்களின் திரள், அவர் சொன்ன இடங்களில் ஒன்று. வேகஸ்தான் இரைப்பைக்கும் குடலின் பெரும்பகுதிக்கும் மூளையிலிருந்து போகும் நரம்பு. கீழிருந்து சேதி கொண்டுபோவதும் அதுதான். அதன் இழைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செல்பவை.

அந்த உருண்டைக்குள் இருப்பது என்ன என்பது 1997-இல் தெரியவந்தது. ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம். நரம்பணுக்கள் சந்திக்கும் முனைகளில் எல்லோருக்கும் இருக்கும் சாதாரணப் புரதம்தான். அது தவறாக மடிந்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டி இழையாகிறது. அப்படி இழையானது, பக்கத்தில் ஒழுங்காக இருக்கும் புரதத்தையும் தன்னைப் போலவே மடிய வைக்கிறது. இந்தத் தொற்றிக்கொள்ளும் குணம்தான் பின்னால் வந்த கதை முழுவதற்கும் அடிப்படை.

2003-இல் ஹைகோ பிராக் தலைமையில் ஜெர்மானியக் குழுவொன்று, இறந்தவர்களின் மூளைகளை அடுக்கிவைத்துப் பார்த்து, இந்தப் படிவு ஒரு வரிசையில் ஏறுவதாகச் சொன்னது. முதல் கட்டத்தில் வேகஸ் கருவும் மோப்பக் குமிழும். அடுத்து மூளைத்தண்டில் தூக்கம், விழிப்பு, மனநிலை ஆகியவற்றைக் கவனிக்கும் நோரட்ரினலின், செரட்டோனின் அணுக்கள். மூன்றாவது கட்டத்தில்தான் சப்ஸ்டான்ஷியா நைக்ரா வருகிறது. கடைசி இரண்டு கட்டங்களில் பெருமூளையின் புறணி. இந்த வரிசையை நோயாளிகள் சொல்லும் வரிசையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலச்சிக்கல், மணம் தெரியாமல் போவது, தூக்கத்தில் கூச்சல், காரணமில்லாத மனச்சோர்வு. அப்புறம் ஒரு நாள் ஒரு பக்கக் கையில் நடுக்கம். பல ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு மறதி, குழப்பம், இல்லாததைப் பார்ப்பது. நடுக்கம் தெரியவரும்போது சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் டோபமைன் அணுக்களில் ஏறக்குறைய பாதி போயிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். 'நோய் ஆரம்பம்' என்று நாம் சொல்லும் நாள் உண்மையில் கதையின் நடுப்பகுதி.

பிராக் குழு அதோடு நிற்கவில்லை. குடல் சுவருக்குள்ளேயே 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் கொண்ட ஒரு தனி வலை இருக்கிறது. இரைப்பைச் சுவரில் உள்ள அந்த வலையிலும் இதே படிவை அவர்கள் கண்டார்கள். வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்று குடலிலும் மூக்கிலும் முதல் தவறான மடிப்பைத் தொடங்கிவைக்கிறது, அது வேகஸ் வழியாக அணு அணுவாக மேலே ஏறுகிறது என்பது அவர்களின் கருதுகோள். பார்க்கின்சன் தனக்குத் தெரியவில்லை என்று விட்ட வழிக்கு ஒரு பெயர் கிடைத்தது போலத்தான் இருந்தது.

அழகான கதை என்பதாலேயே இதைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஆதரவான சான்றுகள் நிறைய. 2019-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் தவறாக மடிந்த சைனுக்ளினை எலிகளின் சிறுகுடல், இரைப்பைச் சுவர்களில் ஊசியால் செலுத்தினார்கள். சில மாதங்களில் அது மூளைத்தண்டில் தொடங்கி நடுமூளை வரை போனது. டோபமைன் அணுக்கள் செத்தன. வேகஸ் நரம்பை வெட்டிவிட்ட எலிகளில் அப்படி நடக்கவில்லை. மனிதர்களில் இதற்கு இணையாக ஒரு பழைய சிகிச்சை உண்டு. அமிலத்தைக் குறைக்கும் நல்ல மாத்திரைகள் வருவதற்கு முன், இரைப்பைப் புண்ணுக்காக வேகஸின் அடிமரத்தையே வெட்டுவார்கள். டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் அப்படி அறுவை செய்துகொண்டவர்களின் பதிவுகளைத் தோண்டி எடுத்தபோது, பல ஆண்டுகள் கழித்து அவர்களில் பார்க்கின்சன் சற்றுக் குறைவாக இருந்ததாகத் தெரிந்தது. ஆனால் டென்மார்க்கின் பதிவுகளையே வேறொரு குழு அலசிவிட்டு, குறிப்பிடும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை என்றது. குடல்வாலை எடுத்தவர்கள் விஷயம் இன்னும் குழப்பம். ஓர் ஆய்வு நோய் குறைகிறது என்றது, இன்னொன்று கூடுகிறது என்றது, மற்றொன்று சம்பந்தமே இல்லை என்றது.

பிணப்பரிசோதனைக் கூடத்திலிருந்தும் மறுப்பு வந்தது. குடலில்தான் நோய் தொடங்குகிறது என்றால், மூளையில் படிவே இல்லாமல் குடலில் மட்டும் படிவு உள்ள உடல்கள் ஓரளவாவது கிடைக்க வேண்டும். தேடியவர்களுக்கு அப்படிப்பட்டவை மிக அரிதாகவே கிடைத்தன. சிலருக்கு வேகஸ் கரு சுத்தமாக இருக்க, மூளையின் வேறு பகுதிகளில் படிவு இருந்தது. குடலிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதித்தால் நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் இதுவரை பலிக்கவில்லை. நல்ல உடல்நிலையில் உள்ளவர்களின் குடலிலும் இந்தப் புரதம் தென்படுவதால் எது நோய், எது இயல்பு என்று பிரிப்பது கடினம்.

டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரத்து ஆய்வாளர் பெர் போர்காமர் இதற்கு ஒரு சமாதானம் சொல்கிறார். பார்க்கின்சன் ஒரே நோயில்லை, இரண்டு பாதைகளில் வரும் நோய் என்கிறார் அவர். சிலருக்கு உடலில் தொடங்கி மேலே ஏறுகிறது. இவர்களுக்கு மலச்சிக்கலும் தூக்கத்தில் உதறலும் நடுக்கத்துக்கு வெகுகாலம் முன்பே வந்துவிடும். குடலுக்கும் இதயத்துக்கும் போகும் நரம்புகள் பழுதாகியிருப்பதை ஸ்கேனில் அப்போதே பார்க்கலாம். மற்றவர்களுக்கு மூளைக்குள்ளேயே, பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கிக் கீழே இறங்குகிறது. இவர்களுக்கு நடுக்கம் முதலில், மலச்சிக்கல் பிறகு. 2020-இல் அவருடைய குழு இரு வகை நோயாளிகளையும் ஸ்கேன்களால் பிரித்துக் காட்டியது. எல்லோரும் ஏற்றுக்கொண்ட விஷயம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்றோடொன்று மோதும் சான்றுகளை இது ஓரளவு சேர்த்துவைக்கிறது என்பதால், இப்போதைக்கு இதுவே பொருத்தமான படம் என்பது என் எண்ணம்.

குடல் பாக்டீரியா பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. இப்போது எதைத் தொட்டாலும் அதில்தான் போய் நிற்கிறது. பார்க்கின்சன் உள்ளவர்களின் குடலில் பிரிவொட்டெல்லா குடும்பத்து பாக்டீரியா மிகவும் குறைவு என்று 2015-இல் ஹெல்சிங்கிக் குழு கண்டது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவில் செய்த சோதனை இன்னும் அதிர்ச்சி தந்தது. சைனுக்ளின் அளவுக்கு மீறிச் சுரக்கும்படி மரபணு மாற்றிய எலிகளைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தால் அவற்றின் அசைவுக் கோளாறு குறைந்தது. பார்க்கின்சன் நோயாளிகளின் குடல் பாக்டீரியாவை உள்ளே விட்டால் கோளாறு அதிகமானது. இருந்தாலும் மனிதர்களில் எது முந்தி, எது பிந்தி என்று சொல்வது கடினம். மலம் நாள்கணக்கில் தங்கினாலே பாக்டீரியாவின் கலவை மாறிவிடும். பார்க்கின்சன் மருந்துகளில் சிலவும் அதை மாற்றும். நலமாக இருப்பவர்களின் மலத்திலிருந்து பாக்டீரியாவை எடுத்து நோயாளிக்கு மாற்றும் சிகிச்சையை 2024-இல் வெளியான இரண்டு சோதனைகள் முயன்றன. பெல்ஜியத்தில் நடந்ததில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. பின்லாந்தில் நடந்ததில் பலன் இல்லை. இணையத்தில் விற்கும் 'பார்க்கின்சனுக்கான' பாக்டீரியா மாத்திரைகளுக்குப் பணத்தைக் கொட்டும் முன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

நோய் எங்கே தொடங்குகிறது என்ற சண்டை ஆய்வுக்கூடத்தில் நடக்கட்டும். நோயாளிக்கு அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. மூளைக்கான மருந்து வயிற்றைத் தாண்டித்தான் போக வேண்டும்.

லெவோடோபா மாத்திரை இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை. அது சிறுகுடலின் முதல் பகுதிக்கு இறங்கினால்தான் இரத்தத்தில் சேரும். பார்க்கின்சனில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகிறது. மாத்திரை அங்கேயே ஒரு மணி நேரம் கிடந்தால் கையும் காலும் அந்த ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சில வேளை அந்த மாத்திரை வீணாகவே போய்விடும். இரத்தத்தில் சேர்ந்த பிறகும் அதற்கு நீண்ட ஆயுள் இல்லை. மூளைக்குப் போகும் முன்பே அது சிதையாமல் காக்கும் கார்பிடோபா என்ற மருந்தின் துணையோடு கொடுத்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். வருடங்கள் போகப் போக மூளையில் மிச்சமிருக்கும் அணுக்களால் டோபமைனைச் சேமித்துவைக்க முடியாமல் போகிறது. அப்போது இரைப்பையின் ஒவ்வொரு தாமதமும் நேராக நடையில் தெரியும். காலை மாத்திரை நன்றாகப் பிடித்தது, மதிய மாத்திரை பிடிக்கவே இல்லை என்று நோயாளி சொன்னால், மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் மதியம் எப்போது, என்ன சாப்பிட்டார் என்று கேட்பது நல்லது.

ஏனென்றால் அடுத்த தடை சாப்பாட்டிலேயே இருக்கிறது. லெவோடோபா ஓர் அமினோ அமிலம். குடல் சுவரைக் கடக்க அது ஏறும் அதே பேருந்தில்தான் புரத உணவிலிருந்து வரும் மற்ற அமினோ அமிலங்களும் ஏறுகின்றன, இருக்கைகள் குறைவு. இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும் இடத்திலும் இதே நெரிசல். அதனால்தான் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பாக வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுக்கச் சொல்கிறார்கள். மருந்தின் பலன் நாள் முழுதும் மோசமாக ஏறி இறங்கும் சிலருக்கு, பகலில் புரதத்தைக் குறைத்து இரவுச் சாப்பாட்டில் சேர்க்கச் சொல்வதும் உண்டு. புரதத்தையே விட்டுவிடுவது என்று இதற்கு அர்த்தமில்லை. ஏற்கெனவே எடை குறைந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு அது ஆபத்து. இரும்புச்சத்து மாத்திரையையும் லெவோடோபாவோடு சேர்த்து விழுங்கக் கூடாது. அது மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இது போதாதென்று 2019-இல் இன்னொரு திருடன் அகப்பட்டது. குடலில் வாழும் என்டிரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியாவின் நொதி, லெவோடோபாவைக் குடலுக்குள்ளேயே டோபமைனாக மாற்றிவிடுகிறது. டோபமைன் நேராக மூளைக்குள் நுழைய முடியாது. அங்கே உண்டானால் பயனில்லை. உடலின் சொந்த நொதியைத் தடுக்கக் கொடுக்கும் கார்பிடோபா, இந்த பாக்டீரியா நொதியிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. ஒரே அளவு மாத்திரை ஒருவருக்குப் போதுமானதாகவும் இன்னொருவருக்குப் பாதி கூட எட்டாததாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

வயிற்றையே சுற்றிக்கொண்டு போகும் வழிகள் வந்ததும் இந்தத் தொல்லைகளால்தான். வயிற்றில் துளையிட்டுச் சிறுகுடலுக்குள் குழாய் விட்டு மருந்தைக் கூழாக நாள் முழுதும் செலுத்துவது ஒன்று. தோலுக்கடியில் பம்பு மூலம் விடாமல் செலுத்தும் முறை இன்னொன்று; அமெரிக்காவில் இதற்கு 2024 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. இரண்டுமே முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கானவை.

மலச்சிக்கலுக்குத் திரும்புவோம். இதில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன, பலர் ஒன்றை மட்டுமே கவனிக்கிறார்கள். பெருங்குடல் மெதுவாக நகர்த்துவது ஒன்று. கடைசி வாசலில் தளர வேண்டிய தசை, முக்கும்போது தளராமல் இறுகிக்கொள்வது மற்றது. கையிலும் கழுத்திலும் தெரியும் அதே இறுக்கத்தின் இன்னொரு முகம் அது. இந்த இரண்டாவது வகைக்காரருக்கு நார்ச்சத்தை அள்ளிக் கொடுத்தால் உள்ளே சேருமே தவிர வெளியேறாது. தண்ணீர், நடை, நார்ச்சத்து ஆகியவற்றுக்கு அப்புறம் மருத்துவர்கள் அதிகம் கையிலெடுப்பது நீரைக் குடலில் பிடித்துவைக்கும் மேக்ரோகால் தூள். நடுக்கத்துக்காகக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் போன்ற மாத்திரைகள் மலச்சிக்கலை மோசமாக்கும். வயதானவர்களுக்கு நினைவையும் குழப்பும். மலச்சிக்கல் திடீரென்று அதிகமானால் மருந்துப் பட்டியலைப் புரட்டிப் பார்ப்பது முதல் வேலை.

எச்சில் வடிவதும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. எச்சில் அதிகம் சுரப்பதில்லை; நாம் அறியாமலே நிமிடத்துக்கொரு தடவை விழுங்கிக்கொண்டிருக்கும் பழக்கம்தான் குறைந்துபோகிறது. விழுங்கும் தசைகள் தளர்ந்தால் உணவோ தண்ணீரோ இருமல்கூட வராமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். முற்றிய பார்க்கின்சனில் நிமோனியா முக்கிய மரணக் காரணமாக இருப்பதற்கு இதுவும் சேர்ந்ததுதான். சாப்பிட்டு முடித்ததும் குரல் கரகரப்பது, ஒரு வேளை உணவுக்கு முன்பைவிட இரட்டிப்பு நேரம் ஆவது, எடை இறங்குவது போன்றவை தெரிந்தால் விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். உட்காரும் விதத்தை மாற்றுவது, கஞ்சிப் பதத்துக்கு உணவை மாற்றுவது என்று அதற்குப் பயிற்சி தருபவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு மருந்து விஷயம். குமட்டல், வாந்தி என்று போனால் பல இடங்களில் யோசிக்காமல் போடும் ஊசி மெட்டோகுளோபிரமைடு. அது மூளைக்குள் புகுந்து டோபமைன் போய் ஒட்ட வேண்டிய இடங்களை அடைத்துவிடும். சாதாரண ஆளுக்கே சில வேளை கை விறைத்து நடுக்கம் தரும் மருந்து அது. ப்ரோகுளோர்பெரசினும் அதே ரகம். டாம்பெரிடோன் மூளைக்குள் அவ்வளவாக நுழையாது என்பதால் பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு அதைத்தான் பெரும்பாலும் தருகிறார்கள், ஆனால் இதயத்துடிப்பில் கோளாறு இருக்கிறதா என்று பார்த்த பிறகு. அவசர சிகிச்சைப் பிரிவில் வாந்தியோடு போய்ப் படுத்திருக்கும்போது நரம்பியல் மருத்துவர் பக்கத்தில் இருக்க மாட்டார். ஊசி போட வருகிறவரிடம் 'இவருக்குப் பார்க்கின்சன் இருக்கிறது, மெட்டோகுளோபிரமைடு வேண்டாம்' என்று கூட இருப்பவர்தான் சொல்லியாக வேண்டும். வழக்கமான லெவோடோபா மாத்திரைகளையும் வேளைகள் எழுதிய சீட்டையும் கையோடு கொண்டுபோவது அவசியம். அனுமதித்த அவசரத்தில் இரண்டு வேளை தவறினாலே ஆள் விறைத்துப்போய் விழுங்கவும் முடியாத நிலைக்கு வந்துவிடலாம்.